இறுக்கமாக எடுத்த காஜா

பெரம்பலூரில் பள்ளிக்கூடச் சீருடை தைப்பதுதான் என் தொழில். இருபத்திரண்டு வருடமாக அதே கடை, அதே மெஷின். நான் படித்தது ஐந்தாவது வரை, அரியலூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில். ஆட்களிடம் பேச எனக்குக் கூச்சம். அளவு எடுக்கும்போது "கையத் தூக்குங்க", "மூச்ச விடுங்க" என்பதற்கு மேல் நான் பேசியது குறைவு. அப்படிப்பட்டவன் மூளையைப் பற்றியும் வகுப்பறையைப் பற்றியும் எழுத உட்கார்ந்தால் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். குரும்பலூரில் என் மகள் நடத்திய வகுப்பு நிலைக்குமா, மூடப்படுமா என்று தவித்த ஒரு வருடத்தை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். அதில் என் கைவேலையும் கொஞ்சம் உண்டு.

என் மகள் பட்டப்படிப்பு முடித்துவிட்டு சென்னையில் ஒரு வருடம் மாண்டிசோரி முறைக்குப் பயிற்சி எடுத்தாள். மூன்று வயதிலிருந்து ஆறு வயது வரை உள்ள குழந்தைகள் ஒரே அறையில் இருப்பார்கள். பலகை, மணி, துணி, குடுவை என்று கைக்குப் பிடிக்கிற பொருள்களை அலமாரியிலிருந்து தாங்களே எடுத்து, பாயில் வைத்துச் செய்து, திரும்பக் கொண்டுபோய் வைப்பார்கள். எனக்கு அவ்வளவுதான் புரிந்தது. திரும்பி வந்ததும் குரும்பலூரில் ஒரு சின்னத் தனியார் பள்ளியில் போய்க் கேட்டாள். அந்தப் பள்ளியின் கரஸ்பாண்டன்ட் நல்ல மனிதர், ஆனால் எதிலும் கணக்குப் பார்க்கிற மனிதர்.

"ஒரு வருஷம் நடத்திப் பாரும்மா," என்றார். "பதினாலு புள்ளைங்க தரேன். ஏப்ரல்ல பெத்தவங்களக் கூப்பிடுவேன். அடுத்த வருஷமும் இதே வகுப்பு வேணும்னு பத்து பேராவது கையெழுத்துப் போடணும். இல்லேன்னா புள்ளைங்கள்லாம் எல்கேஜிக்குப் போயிடும், நீயும் அவங்க பின்னாடியே எல்கேஜிக்குப் போயிடு."

அந்தப் பத்து கையெழுத்துதான் ஜூன் மாதத்திலிருந்து எங்கள் வீட்டில் சோற்றோடு சேர்த்துப் பரிமாறப்பட்டது.

வகுப்புக்கு வேண்டிய பொருள்களில் ஆறு சட்டங்கள் இருந்தன. நாலு பக்கமும் மரம். இரண்டு பக்கத்திலிருந்தும் துணி வந்து நடுவில் சேரும். ஒன்றில் பெரிய பட்டன், ஒன்றில் சின்னப் பட்டன், ஒன்றில் கொக்கி, ஒன்றில் ஜிப், ஒன்றில் பக்கிள், ஒன்றில் நாடா. குழந்தைகள் உட்கார்ந்து பூட்டவும் கழற்றவும் பழக வேண்டும். "வெளியில வாங்க வேணாம்பா, நீங்களே தச்சுக் குடுங்க" என்றாள். சந்தோஷமாகத் தைத்தேன். தப்பாகத் தைத்தேன்.

குழந்தைகள் துணிக்கு எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. பட்டன் நுழைகிற ஓட்டையை, அதுதான் காஜா, கொஞ்சம் பெரிதாக எடுத்துவிடுவோம். டையை முடிச்சோடு தைத்துக் கழுத்துக்கு எலாஸ்டிக் வைப்போம். சட்டைக்கு வெளியே பட்டன் அழகுக்கு நிற்கும், உள்ளே அழுத்தினால் ஒட்டிக்கொள்கிற டிக் பட்டன் இருக்கும். காலையில் வேன் ஹாரன் அடிக்கும்போது அம்மாக்களுக்கு அது வசதி. "உங்க துணின்னா ரெண்டு நிமிஷத்துல புள்ள ரெடிங்க" என்று சொல்லிச் சொல்லித்தான் எனக்கு வாடிக்கையே பெருகியது. அந்தப் பழக்கத்தில் சட்டத்துக்கும் காஜாவைத் தாராளமாக எடுத்துவிட்டேன்.

என் மகள் பெரிய பட்டன் சட்டத்தைத் தூக்கி ஒரு ஆட்டு ஆட்டினாள். ஐந்து பட்டனில் மூன்று தானாகக் கழன்றுகொண்டன.

"என்னப்பா இது, காத்தடிச்சாலே தொறந்துக்கும் போல."

"சின்னப் புள்ளைங்க விரல் பாப்பா. கஷ்டப்படுமேன்னு..."

"கஷ்டப்படத்தாம்பா குடுக்கறது."

எனக்குப் புரியவில்லை என்று முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு, போனில் ஒரு படத்தைக் காட்டினாள். ஒரு மனிதன். உடம்பு குச்சி மாதிரி. கால் அதைவிடக் குச்சி. உதடு இரண்டும் வடை மாதிரி தடித்திருந்தன. கை மட்டும் முறம் அளவுக்கு இருந்தது, ஒவ்வொரு விரலும் ஒரு வாழைக்காய் மாதிரி.

"யாரு பாப்பா இவன், பாவம்?"

"நாமதாம்பா. ஒடம்புல ஒவ்வொரு எடத்துக்கும் மூளையில எவ்வளவு எடம் ஒதுக்கியிருக்குன்னு பாத்து, அந்த அளவுக்கு ஆள வரைஞ்சா இப்படித்தான் இருப்பான்."

"இவனுக்குச் சட்டை தைக்கறது கஷ்டம். ஒடம்புக்கு அரை மீட்டர் போதும், கைக்கு மூணு மீட்டர் வேணும்."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் அவள் உள்ளே போன பிறகும் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். படித்தவர்கள் தலையால் பிழைக்கிறார்கள், நான் கையால் பிழைக்கிறேன் என்று அதுவரை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தேன். பெரிய ஆட்கள் கடைக்கு வந்தால் ஸ்டூலை விட்டு எழுந்து நிற்பதற்கும் அதுதான் காரணம். கைக்குத் தலையில் இத்தனை இடம் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. அன்றைக்கு மெஷினில் உட்கார்ந்தபோது என் விரல்களை நானே மரியாதையாகப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு சாப்பிடும்போதெல்லாம் கேட்பேன், அவள் சொல்வாள். ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தால் மூளையில் அந்த வேலைக்கான நரம்பு வழியின் மேல் ஒரு உறை கனமாகப் படியும், செய்தி வேகமாகப் போகும் என்றாள். "மொதல்ல கையால லேசா ஓட்டி வச்சுட்டு, சரியா வந்ததும் மேல மெஷின் தையல் போடுவோமே, அப்படியா?" என்றேன். கொஞ்சம் யோசித்து, "கிட்டத்தட்டப்பா" என்றாள். இன்னொரு நாள், சட்டத்தில் ஏன் பட்டன்களை நெருக்கமாக வைக்கச் சொன்னாள் என்று விளக்கினாள். ஒரு பட்டனைத் தப்பான காஜாவில் போட்டால் கடைசியில் ஒன்று மிச்சம் நிற்கும். "தப்புன்னு நான் சொல்ல வேணாம், அந்தப் பட்டனே சொல்லும். நெனச்சது ஒண்ணு, வந்தது ஒண்ணுன்னு புள்ளைக்கே படுது பாருங்க, அந்த நேரத்துலதான் மூளை நல்லா கத்துக்குது."

"இதெல்லாம் மூளைய படம் புடிச்சுப் பாத்து வச்ச வகுப்பா?"

"இல்லப்பா. அந்த மெஷின் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே புள்ளைங்களப் பாத்துப் பாத்து வச்சது. இப்ப மூளைய ஆராயறவங்க சொல்றது சிலதுல ஒத்துப்போகுது. எல்லாத்துலயும்னு சொல்ல முடியாது. தெரியாததும் நெறைய இருக்கு."

தெரியாது என்று அவள் சொன்ன விதம் எனக்குப் பிடித்தது. அந்த வாரம்தான் கடைக்கு வந்த ஒருவர் ஒரு நோட்டீஸ் காட்டினார். குழந்தைகளுக்குக் கண்ணைக் கட்டி நிறம் சொல்ல வைப்பார்களாம், நடு மூளையைத் திறந்துவிடுவார்களாம், பத்தே நாளில். அதை வீட்டில் காட்டியபோது, "பட்டன் துணி கத்தரிக்க பேப்பர் இல்லன்னீங்களே, இத வச்சுக்கங்க" என்றாள். துணி மேல் வைத்து வெட்டுகிற அளவுத்தாளாக அது நன்றாகத்தான் உதவியது.

காஜாவைப் பிரித்து இறுக்கமாக எடுத்தேன். அதிகமாக இறுக்கிவிட்டேன் என்று திரும்பி வந்தது. மூன்றாவது தடவை சரியாக அமைந்தது. பட்டனைச் சாய்த்து, விளிம்பை முதலில் நுழைத்து, மறுபக்கம் விரலால் பிடித்து இழுக்க வேண்டும். முடியும், ஆனால் கவனம் வேண்டும். அந்த அளவைக் கண்டுபிடித்ததில் எனக்கு உள்ளூரப் பெருமை.

ஒரு சட்டத்தில் துணி ஆணியை விட்டு வந்துவிட்டது என்று ஒரு நாள் என்னை வகுப்புக்கே வரச் சொன்னாள். மொபெட்டில் போய் மூலையில் உட்கார்ந்து ஆணி அடிக்க நினைத்தேன். சுத்தியலைத் தூக்க மனம் வரவில்லை. பதினாலு குழந்தைகள் இருக்கிற அறை மாதிரியே இல்லை, அவ்வளவு அமைதி. எனக்குப் பக்கத்துப் பாயில் நாலு வயதுப் பெண் குழந்தை ஒருத்தி சின்னப் பட்டன் சட்டத்தோடு உட்கார்ந்திருந்தாள். லப்பைக்குடிக்காட்டிலிருந்து வந்த குடும்பம், பெரம்பலூரில் வாடகைக்கு இருந்தார்கள். அப்பா துபாயில். அவள் நாக்கை ஓரத்தில் கடித்துக்கொண்டு நாலு பட்டன் போட்டுவிட்டாள். ஐந்தாவது வழுக்கியது, மறுபடி வழுக்கியது. நான் நீட்டக் கூடாத கையை நீட்டி, ஒரு தள்ளு தள்ளி நுழைத்துவிட்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள். அழவில்லை. அந்த ஐந்து பட்டனையும் ஒவ்வொன்றாகக் கழற்றினாள். சட்டத்தைத் தூக்கிக்கொண்டு என்னைவிட்டு இரண்டு முழம் தள்ளிப் போய் உட்கார்ந்து, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

"சரியான அடிப்பா உங்களுக்கு," என்றாள் என் மகள் மதியம்.

"ஒத்தாசைக்குத்தான பாப்பா... சரி, நடுவுல ஒரு சபாஷாவது சொல்லலாமா?"

"செய்யறப்ப சொன்னா என் மூஞ்சியப் பாப்பா, பட்டனப் பாக்க மாட்டா. ஒரே வேலையில மனச நிறுத்தறது மூளையோட முன்பக்கத்து வேலை. இந்த வயசுல அது இப்பதான் வளந்துகிட்டு இருக்கு. நாம குறுக்க போனா அறுந்துடும். மறுபடி கோக்கறது அவங்களுக்கு ரொம்பக் கஷ்டம்."

நூல் அறுந்தால் மறுபடி ஊசியில் கோக்கிற எரிச்சல் எனக்குத் தெரியாததா? அன்றிலிருந்து அந்த அறையில் நான் கையை அடக்கிக்கொண்டேன்.

ஏப்ரல் நெருங்கியது. பெற்றோர் கூட்டத்துக்கு மகள் மூளைப் படங்களைத் திரையில் காட்டப்போவதாகத் தயார் செய்துகொண்டிருந்தாள். எனக்குப் பயம். படத்தைப் பார்த்து நான் மாறியது நிஜம்தான், ஆனால் நான் தையல்காரன். மற்றவர்களுக்குக் கை என்றால் கைதான். அந்தச் சமயத்தில் மெஷின் ஊசி என் ஆள்காட்டி விரலில் ஏறிவிட்டது. இரண்டு விரலுக்குச் சேர்த்துக் கட்டுப் போட்டார்கள். மறுநாள் காலை என் சட்டைக்குப் பட்டன் போட எனக்குப் பத்து நிமிடம் ஆனது. வேர்த்துவிட்டது. நாலு வயது விரலுக்கு இது இப்படித்தான் இருக்கும் என்று அப்போது தோன்றியது.

ஜீன்ஸ் துணியை இரண்டாக மடித்து, பெரியவர்கள் கைக்குப் பத்து ஜோடி கையுறை தைத்தேன். மகளிடம் கொடுத்து, "படத்துக்கு முன்னாடி இதக் குடு" என்றேன். அவள் போட்டுப் பார்த்தாள். சட்டத்தை எடுத்தாள். ஒரு பட்டனுக்கு ஐந்து தடவை முயன்றாள். பிறகு, "அப்பா, பயிற்சியில கூட இத எங்களுக்கு யாரும் குடுக்கல" என்றாள். நான் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

கூட்டம் சனிக்கிழமை. நான் கடைசி வரிசை. கையுறையை எடுப்பதற்கு முன்பே கேள்வி ஆரம்பித்துவிட்டது.

"டீச்சர், எங்க அண்ணன் புள்ள மூணு நோட்டு முடிச்சுட்டான். எம் பையன் வூட்டுல சட்டையக் கழட்டிக் கழட்டி மாட்றான்," என்றார் ஒருவர்.

"குளிக்கவாவது லேசா கழட்றானே, சந்தோஷப்படுய்யா," என்றார் பக்கத்தில் ஒரு மக்காச்சோள வியாபாரி. எல்லோரும் சிரித்தார்கள். என் மகளும் சிரித்தாள், ஆனால் அவள் காது சிவந்திருந்தது. கரஸ்பாண்டன்ட் கையெழுத்துத் தாளை விசிறியாக வைத்து விசிறிக்கொண்டிருந்தார்.

கையுறையும் சட்டங்களும் வந்தன. ஆறு சட்டங்களையும் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து வைத்துக்கொண்டார்கள். முதலில் கலகலப்பு. பிறகு ஒவ்வொரு தலையாகக் குனிந்தது. இரண்டு மூன்று நிமிடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. மக்காச்சோள வியாபாரியின் மனைவி நாடாவோடு போராடிக்கொண்டிருந்தார். வியாபாரி பொறுக்காமல், "கொண்டா இப்படி" என்று கையை நீட்டினார். அந்த அம்மா கையுறையோடு அவர் கையில் ஒரு அடி வைத்தார்.

"சும்மா இருங்க, நானே கட்டிக்கறேன்!"

"அடிக்கறா டீச்சர்!"

"நான் இங்க நெதமும் சொல்றதத்தான் சார் அவங்க சொல்றாங்க," என்றாள் என் மகள்.

சிரிப்பு அடங்கியதும் அந்த முறக்கை மனிதனைத் திரையில் காட்டினாள். இப்போது கேட்டார்கள். கேட்டுவிட்டு எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள் என்று சொல்ல மாட்டேன். மூன்று பேர், நோட்டு இல்லாத பள்ளிக்கூடம் வேண்டாம் என்று எழுந்து போனார்கள். ஒருவர் திருச்சிக்கு மாற்றலாகிப் போகிறவர். ஒன்பது பேர் கையெழுத்துப் போட்டார்கள். மிச்சம், என்னைவிட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்த அந்தப் பெண் குழந்தையின் அம்மா.

"எனக்கு இஷ்டந்தாங்க டீச்சர். அவுகள கேக்காம போட முடியாது. ஏ பி சி டி எழுதற வீடியோ அனுப்பு, அனுப்புன்னு நெதமும் கேக்குறாக. வேற ஸ்கூல்ல சேக்கச் சொல்றாக."

"திங்கக்கெழம சாயங்காலம் வரைக்கும் பாப்பேன்மா," என்று கரஸ்பாண்டன்ட் தாளை மடித்துப் பையில் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் கறி எடுத்தும் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

திங்கள்கிழமை ஜிப் சட்டத்தைப் பழுது பார்க்கிற சாக்கில் நானும் மகளோடு போனேன். ஒன்பதரைக்கு அந்த அம்மா புர்கா முனையில் வேர்வையைத் துடைத்துக்கொண்டு வாசலில் நின்றார். கையில் போன்.

"அவுகளுக்கு இன்னிக்கு மதியம்தான் டூட்டி. வீடியோவுல பாக்கணும்ங்கிறாக. ஒரு ரெண்டு நிமிஷம் ஏதாச்சும் எழுதச் சொல்லுங்க டீச்சர்."

"எழுதச் சொல்ல மாட்டேங்க. அவளா எத எடுக்கறாளோ அதப் பாக்கட்டும். நீங்க உள்ள வந்தா உங்கள்ட்ட ஓடி வந்துடுவா. போன எங்க அப்பாகிட்ட குடுங்க."

வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். ஆனால் போன் என் கைக்கு வந்துவிட்டது. மூலையில் உட்கார்ந்து குழந்தை தெரிகிற மாதிரி பிடித்தேன். திரையில் பனியன் போட்ட ஒரு மனிதர், பின்னால் இரண்டு அடுக்குக் கட்டில்.

குழந்தை அலமாரிக்குப் போய் நாடா சட்டத்தை எடுத்தாள். ஆறிலும் கஷ்டமானது அதுதான். நாலு நாள் முன்பு வரை ஷூ நாடாவுக்குப் போடுகிற பூ முடிச்சு ஒன்றுகூட அவளுக்கு வரவில்லை.

"என்னண்ணே, வெளையாடுதா?" என்றார் அவர் மெதுவாக.

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றா, இல்லை என்றா என்று எனக்கே தெரியாது.

முதல் முடிச்சு நின்றது. இரண்டாவது அவிழ்ந்தது. மறுபடி கட்டினாள், மறுபடி அவிழ்ந்தது. போனிலிருந்து ஒரு பெருமூச்சு. "அந்த இடது பக்கத்து நாடாண்ணே... அத அடியில விடணும்... அட, விட்டுருச்சு." நான் சத்தத்தைக் குறைத்தேன். அவர் போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டார், திரை முழுக்க ஒரு கண்தான் தெரிந்தது.

"கூப்பிடுங்கண்ணே, நான் சொல்லித்தரேன். பாவம்ணே."

முன்பின் தெரியாத ஆளிடம் நான் மறுத்துப் பேசியது கிடையாது. அதுவும் பத்தாவது கையெழுத்து இருக்கிற ஆள். ஆனால் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"வேணாங்க. அவ வேலை முடியட்டும்."

அவர் ஒரு நொடி விழித்தார். பிறகு வாயைக் கையால் பொத்திக்கொண்டார். அதற்கப்புறம் இரண்டு பேரும் பேசவில்லை. அரை மணி நேரத்துக்கு மேல் இருக்கும். மூன்று, நாலு, ஐந்து. கடைசி முடிச்சை இழுத்துவிட்டு, அவள் சட்டத்தைத் தரையில் வைத்துத் தள்ளி நின்று பார்த்தாள். யாரையும் கூப்பிடவில்லை. ஐந்தையும் ஒவ்வொன்றாக அவிழ்த்து, சட்டத்தை நெஞ்சோடு அணைத்துக் கொண்டுபோய் அதன் இடத்தில் வைத்தாள்.

"மாஷா அல்லாஹ்," என்றார் அவர். "அண்ணே, கை வலிக்கலையா?"

"பழக்கங்க. டெய்லர் நான்."

"அது நீங்க தச்சதா?"

"ஆமாங்க."

"டீச்சர் உங்க மகளாண்ணே?"

"ஆமாங்க." அந்த ஒரு சொல்லை அவ்வளவு சத்தமாக நான் சொன்னதில்லை. இரண்டு குழந்தைகள் திரும்பிப் பார்த்தன.

"எம் புள்ளய இவ்வளவு நேரம் நான் பாத்ததே இல்லண்ணே. போன்ல வந்தா பாட்டு பாடு, ஏ பி சி சொல்லும்பேன். ஒரு நிமிஷத்துல ஓடிரும். நான் தொந்தரவு பண்ணத்தான் போன் பண்ணியிருக்கேன் போல." மணி பார்த்துக்கொண்டார். "அது அம்மாகிட்ட குடுங்கண்ணே."

வாசலில் அந்த அம்மா போனைக் காதில் வைத்து, "சரிங்க, சரிங்க" என்றார். தாளை வாங்கிச் சுவரில் வைத்துப் பேனாவை எடுத்தார். எழுதப்போன கை நின்றது.

"அவுக சரின்னுட்டாக. ஆனா நான்தான கேக்குறேன் டீச்சர். இன்ஷா அல்லாஹ், அடுத்த வருஷம் ஜனவரிக்குள்ள எழுதிருவாள்ல?"

எங்கள் தொழிலில் ஒரு வார்த்தை உண்டு. நாளைக்கு ரெடி. துணியை வெட்டியே இருக்க மாட்டோம், ஆனால் நாளைக்கு ரெடி. நானும் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். சொல்லிவிடு பாப்பா, ஜனவரி என்று சொல்லிவிடு, பேனா முனை தாளில் நிற்கிறது என்று என் மனம் அடித்துக்கொண்டது.

"எழுதுவா," என்றாள் என் மகள். "ஆனா இந்தத் தேதிக்குள்ளன்னு நான் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு புள்ளைக்கும் ஒரு நேரம். பொய்த் தேதி குடுத்தா, அது வர்றப்ப நீங்களும் நானும் சேந்து அவளத்தான் அவசரப்படுத்துவோம்."

அந்த அம்மா அவளையே பார்த்தார். பிறகு தாளைப் பார்த்தார். "நல்லதுதான், பொய் சொல்லாத டீச்சர்," என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மகள் தாளை வாங்கிக்கொண்டு முற்றத்தைத் தாண்டிக் கரஸ்பாண்டன்ட் அறைக்கு நிமிர்ந்து நடந்தாள். வெயில் ஏறியிருந்தது. நான் வகுப்பு வாசலில் நின்று பார்த்தேன். இத்தனை வருடம் ஆட்களுக்குத் தோள் அளவு எடுத்தவன் நான். சின்ன வயதிலிருந்து அவளுக்கும் நான்தான் தைக்கிறேன், இப்போதும் கல்லூரி நாளில் எடுத்த அளவை வைத்தே. அடுத்த சட்டைக்கு அவளுக்குப் புதிதாக அளவு எடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.